இடப்பக்கச் சன்னல் கொண்ட படலம்

தாயில்பட்டி தந்த தனிப்பெருந் தீரன், மருந்தறை மன்னன், பொன்னோ வெள்ளியோ பூணாமலே மேனியெங்கும் வெள்ளிப்பொடி மினுங்கும் வித்தகன், பதினெட்டு ஆண்டு வெடிமருந்தோடு குடித்தனம் நடத்தியும் புருவமயிர் ஒன்றுகூடக் கருகாத புண்ணியவான் முனியராஜ் வாழ்க! அவன் தோளிற்கிடந்த கட்டம்போட்ட சிவப்புத் துண்டு வாழ்க! இவ்வரலாற்றைப் பாடுவதற்கு எம் நாவில் வந்து அமர வேண்டிய தேவி எவளோ அவளும் வருக; இது இடம் பிடித்த கதையாதலின் அவளுக்கும் முன்கூட்டியே ஒரு துண்டு போட்டு வைத்திருக்கிறோம்.

மண்ணுக்காகப் பொருத மன்னர் உண்டு, முடிக்காகப் பொருத வேந்தர் உண்டு; முனியராஜ் பொருதது ஒரு பேருந்துச் சன்னலுக்காக. அற்பம் என்று நகைப்போர் அவன் மனையாள் முத்துப்பேச்சியை அறியாதவர்கள். ஆண்டுக்குப் பத்து மாதம் வெறுங்காலோடு குத்தவைத்து உட்கார்ந்து சரவெடி பின்னும் அந்த மங்கை நல்லாள், முப்பத்தாறு வயது கடந்தும் கடலைக் கண்டாளில்லை. காண முயலாதவள் அல்லள். தீபாவளி கழிந்து பட்டாசு ஆலைக் கதவுகள் அடைபட்டதும் கம்பெனியார் வேன் பிடித்துத் தொழிலாளரைத் திருச்செந்தூர்க் கடலுக்கு அனுப்பி வைப்பது வழக்கம். இரண்டு ஆண்டு அவள் அதில் ஏறினாள். இரண்டு ஆண்டும் நடுவில் நசுங்கி உட்கார்ந்தாள். முதலாண்டு எட்டயபுரத்தில் குடல் வெளியே வருமளவு வாந்தி எடுத்து இறங்கினாள். மறு ஆண்டு உப்பளம் கண்ணில் தெரிகிற தூரம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு போய், அங்கே தோற்று, எதிரே வந்த பேருந்தின் படிக்கட்டருகே நின்றபடி ஊர் திரும்பினாள். காற்று முகத்தில் அடித்தால் அவளுக்கு ஒன்றும் செய்யாது. ஆகவே சன்னல் கிடைத்தால் கடல், கிடைக்காவிட்டால் எட்டயபுரம். வழக்கு இவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுக் கார்த்திகையில், மழை ஏமாற்றிய ஒரு நாளில், அவ்வீட்டில் மந்திராலோசனை கூடிற்று. இம்முறை வேன் என்ற சொல்லை எடுக்கவே முத்துப்பேச்சி விடவில்லை. அவள் உடன்பிறந்தான் கருப்பணன், எந்த ஊருக்கும் எவ்வழி போவதென்று கேளாமலே சொல்லும் பேராற்றல் படைத்தவன், எழுந்து முழங்கினான்.

"ரயில்ல போங்க மச்சான். எம்புட்டுச் சன்னலு! வேண்டிய சன்னல்ல உக்காந்துக்கிடலாம்."

ரயில் நன்றுதான். ஆயினும் தாயில்பட்டியிலிருந்து விருதுநகருக்குப் பேருந்து, விருதுநகரிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில், திருநெல்வேலியில் அடுத்த ரயில் வரும்வரை நடைமேடைத் தவம் என்று கணக்கிட்டபோது, கடலை அடையும் நேரத்தில் கடலைக் காண வெளிச்சம் இராது என்று தெரிந்தது. கருப்பணன் தளராமல் தன் இருசக்கரப் புரவியை ஈந்தருள முன்வந்தான். அப்புரவியோ சாத்தூரைத் தாண்டியதாகச் சரித்திரம் இல்லை. எஞ்சியது, காலையில் சிவகாசிப் பேருந்து நிலையத்திலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் செல்லும் ஒற்றைப் பேருந்து. முனியராஜ் உண்ட தட்டிலே மோரால் ஒரு சாலை இழுத்தான். தெற்கு நோக்கிப் போகையில் கடல் இடக்கைப் பக்கம் வரும் என்று கண்டான். கண்டதும் சூளுரைத்தான்.

"இடது பக்கம் சன்னல் சீட்டு. அதுல ஒன்னய உக்கார வைக்கலன்னா நான் மருந்து கலக்குறவனே இல்ல பிள்ள."

"பெறகு பார்ப்போம்" என்றாள் முத்துப்பேச்சி. அவள் அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய் மெரூன் வார் போட்ட புதுச் செருப்பு ஒன்று வாங்கி வந்திருந்தாள். ஆண்டெல்லாம் வெறுந்தரை மிதித்த கால், கடற்கரையில் மட்டுமாவது வேலையற்ற சீமாட்டியின் காலாய் நடக்கட்டும் என்பது அவள் எண்ணம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

புலர்ந்தது போர்நாள். சிவகாசிப் பேருந்து நிலையத்தில், கோயிலுக்குப் போவோரும் கொடுக்கல் வாங்கலுக்குப் போவோரும் கைக்குழந்தையும் கட்டுச்சோறுமாக அணிவகுத்து நிற்க, அவ்வணியின் முன்வரிசையிலே தோன்றினான் மாற்றான். அவன் யாரெனில், திருத்தங்கல் அச்சகம் ஒன்றின் ஆர்டர் பிடிக்கும் அதிகாரி, புத்தாண்டு பிறக்கும் முன்பே அதன் தேதிகளையெல்லாம் கட்டாகக் கட்டித் தோளில் தூக்கித் திரியும் காலச்சுமை தாங்கி, சலவைச் சட்டை இராமகிருஷ்ணன். தூத்துக்குடிக் கடைகளுக்குக் காலண்டர் கொண்டு செல்லும் அவனுக்கும் சன்னலோரம் வேண்டியிருந்தது. கட்டைச் சாய்த்து வைக்க அதுவே தோது.

பின்பக்கமாகவே ஊர்ந்து ஊர்ந்து, புழுதி எழுப்பி, நடத்துநர் விசில் முழங்க, திருச்செந்தூர் செல்லும் பேருந்து, நிலையத்துக்குள் புகுந்தது. அது நிற்குமுன் முனியராஜ் எறிந்தான் துண்டை! விரிந்து சுழன்று பறந்த அச்செங்கொடி இடப்பக்கத்து மூன்றாம் சன்னல் வழியே உட்புகுந்து இருக்கையின்மேல் அமர்ந்தது. துண்டு விழுந்த இடம் துண்டுக்காரனுக்கு என்பது இந்நாட்டுப் பேருந்துகள் பிறந்த நாள்தொட்டு நிலவும் அறநெறி. அந்தோ, அவ்வறத்தின் தலையில் அடுத்த கணமே விழுந்தது, அதே சன்னல் வழியே இராமகிருஷ்ணன் எறிந்த காலண்டர்க் கட்டு! கீழே துண்டு, மேலே ஓராண்டு காலம் முழுவதும். இனி உட்காருபவனே உடையவன் என்றாகிவிட, இருவரும் வாயிலை நோக்கிப் பாய்ந்தனர்.

முந்தியவன் முனியராஜ்தான். குழந்தைகளைத் தாண்டி, கூடைகளை விலக்கி, படிக்கட்டில் முதற்கால் வைக்கும் நிலையில் வெற்றி அவன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஆனால் பதினெட்டு ஆண்டுப் பழக்கம் அதைவிடப் பக்கத்தில் நின்றது. மருந்தறை வாயிலில் யாராயினும் செருப்பைக் கழற்றி வெளியே விட வேண்டும். சுவரில் பதித்த செம்புத் தகட்டில் உள்ளங்கை வைத்து உடம்பின் மின்னை இறக்க வேண்டும். இல்லையேல் ஒரு பொறியில் அறையோடு போக வேண்டியதுதான். பதற்றத்தில் மனம் வேலை செய்யாதபோது கைகாலே வேலை செய்யும் என்பார்கள். முனியராஜின் கால்கள் தாமாகவே செருப்பை உதறின. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து ஓரமாக ஒதுக்கியும் வைத்தன. அவன் வலக்கை பேருந்துக் கதவின் தகரத்திலே பக்தியோடு படிந்து ஒரு மூச்சு நேரம் நின்றது. அந்த ஒரு மூச்சில் சலவைச் சட்டை அவனை உரசிக்கொண்டு உள்ளே போனது.

முனியராஜ் சென்று சேர்ந்தபோது இராமகிருஷ்ணன் மூன்றாம் சன்னலில் அரியணை ஏறியிருந்தான். மடியில் காலண்டர்க் கட்டு. தொடைக்கடியில் துண்டின் ஒரு முனை.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு அடியில என் துண்டு கெடக்கு பாருங்க!"

"துண்டு கெடக்கும் தம்பி. ஆளு எங்க கெடந்தாரு? உக்காந்தவனுக்குத்தான் சீட்டு."

கையெட்டும் தூரத்தில் வெற்றியைக் கோட்டைவிட்ட முனியராஜின் நெஞ்சு வெந்தது. எட்டயபுரம் கண்முன்னே வந்து நின்றது. மற்றச் சன்னல்கள் எல்லாம் அதற்குள் நிறைந்துவிட்டன. அப்போதுதான் கூட்டத்தில் பின்தங்கி வந்த முத்துப்பேச்சி, வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டு, மஞ்சள் பையை மடியில் வைத்து, இராமகிருஷ்ணனுக்குப் பக்கத்து இருக்கையில் சாவதானமாக அமர்ந்தாள். அமர்ந்து, ஆயுதம் ஏதுமின்றி, ஒரே ஒரு வாக்கியம் விடுத்தாள்.

"நீங்களே இருங்க அண்ணாச்சி, எனக்கு வாந்தி வரும்போது மட்டும் அந்தக் கட்டக் கொஞ்சம் ஒதுக்கிக்கிடுங்க."

இராமகிருஷ்ணன் கட்டைப் பார்த்தான். சட்டையைப் பார்த்தான்.

"எப்ப வரும்?"

"இப்பவே வர்ற மாதிரிதான் இருக்கு."

இடி விழுந்த இடத்தில்கூட மனிதர் இவ்வளவு விரைவாய் எழுந்ததில்லை. புத்தாண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் பேருந்தின் கடைசி வரிசைக்குப் பின்வாங்க, முத்துப்பேச்சி சன்னலோரம் நகர்ந்தாள். முனியராஜ் துண்டை உதறித் தோளிலிட்டு அருகமர்ந்தான். வென்றான்! வென்றது யார் என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். காவியம் அவன் பெயரில் தொடங்கிவிட்டது.

விசில் ஒலித்தது. பேருந்து அசைந்தது. போராடிப் பெற்ற அச்சன்னலின் வழியே முத்துப்பேச்சி கண்ட முதற்காட்சி, அவள் மெரூன் செருப்பு. நடைமேடை ஓரத்தில், முனியராஜின் தேய்ந்த செருப்புக்குப் பக்கத்தில், அறைவாசலில் விடுவதுபோல முனை வெளிப்பக்கம் பார்க்க ஒழுங்காக நின்றது. அவளும் அவன் பின்னால் ஏறியவள்தானே. அவன் கழற்றிய இடத்தில் அவளும் கழற்றிவிட்டாள்.

"ஏங்க, செருப்பு!"

முனியராஜ் துள்ளி எழுந்தான். அவள் அவன் துண்டைப் பற்றி இழுத்தாள்.

"உக்காருங்க. நீங்க எறங்குனா நானும் எறங்கணும். அந்த அண்ணாச்சி திரும்ப வந்துருவாரு."

இப்படியாகச் சன்னலுக்கு ஈடாக இரு சோடிச் செருப்புகள் களப்பலியாயின. அதன்பின் நிகழ்ந்ததைச் சொல்ல நா கூசுகிறது. இடப்பக்கம் கடல் வரும் என்று தட்டிலே கணித்த மாமேதை, காலையில் இடப்பக்கம் சூரியனும் வரும் என்பதைக் கணிக்கவில்லை. வலப்பக்கத்தார் நிழலில் குறட்டை விட, முத்துப்பேச்சி முக்காடிட்டு முகம் சிவந்து வந்தாள். கடலோ, தூத்துக்குடி தாண்டியும் தலை காட்டவில்லை. உடைமுட்புதரும் உப்புக்குவியலும் வாழைத்தோட்டமும் மாறி மாறி வந்தன. ஆயினும் தூத்துக்குடிக்கு முன்பே எட்டயபுரம் வந்தது, போனது. போன முறை அவள் தோற்ற உப்பளமும் வந்தது. முனியராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவள் வெளியே எட்டிப் பார்த்து, "இங்கனதான்" என்றாள். அதுவும் போனது.

நண்பகலில், தார்ச்சாலையில் துள்ளித் துள்ளி, மணலில் ஓடி ஓடி, இருவரும் அலைவிளிம்பை அடைந்தனர். முப்பத்தாறு ஆண்டும் எட்டயபுரமும் உப்பளமும் கடந்து வந்த முத்துப்பேச்சி, கொசுவத்தைத் தூக்கிச் செருகக்கூட மறந்து, முழங்கால் நீரில் அசையாமல் நின்றாள். முனியராஜுக்குப் பெருமை பொங்கியது. உடனே துயரமும் பொங்கியது. புதுச் செருப்போடு புறப்பட்டு வந்தவளைச் செருப்பில்லாமல் கொண்டுவந்து நிறுத்திவிட்டோமே, இத்தனை ஊர் மக்கள் கூடிய கரையிலே அவள் வெறுங்காலைக் கண்டு ஒருவன் நகைத்தாலும் அவனை இக்கடலிலேயே முக்கியெடுப்பேன் என்று மீசை துடிக்க, கண்கள் கனல, தோள்துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, அந்த மாவீரன் நகைப்பவனைத் தேடிக் கரை முழுவதையும் ஒரு முறை சுற்றிப் பார்த்தான்.

அங்கே எல்லாரும் செருப்பைக் கழற்றிக் கையில்தான் வைத்திருந்தார்கள்.