கிளாஸ்கோ விமான நிலையத்துக்கு வராத மச்சானுக்கு

லிங்கி தோட்டம்,
அக்டோபர் 9.

என் மனைவி தனலெட்சுமியின் கூடப்பிறந்த தம்பி வசந்தனுக்கு,

உன் அத்தான் திருநாவுக்கரசு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் மூன்று வாரமாக போன் அடித்தாலும் எடுக்காத ஆள் சுகமாகத்தான் இருப்பான் என்று நினைத்து, அதை விட்டுவிட்டேன். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதெல்லாம் நீ படித்துவிட்டதாக நீலக்கோடு காட்டுகிறது. பதில் மட்டும் இல்லை. அதனால்தான் இதை ரெஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார்கள். பார்க்கவில்லை என்று இதற்காவது நீ சொல்ல முடியாது.

என் மகள் ரோகினிக்கு அந்த ஊரில் படிக்க இடம் கிடைத்தபோது நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நீதான் வீடியோவில் வந்து, "அத்தான், பதினஞ்சு வருசமா கிளாஸ்கோல நான் என்ன மாடா மேய்க்கிறேன்? ஏர்போட்லேருந்து ரூம் வரைக்கும் என் பொறுப்புலா. நீங்க நிம்மதியா தூங்குங்க" என்றாய். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான், தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றி லோரி ஓட்டிய இந்தக் கையால் கடுதாசி எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். தோட்டம் முழுக்க, "அங்க எம் மச்சான் இருக்கான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவள் போய் இறங்கிய அன்றைக்கு நான் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு சோறுகூட தின்னாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். "அப்பா, வந்து சேந்துட்டேன், ஆனா மாமாவக் காணோம்பா, நான் பஸ் எடுத்து வந்துட்டேன்" என்கிறாள். பிள்ளை முப்பது கிலோ பெட்டியோடு, அதுவும் விமானம் மாறிய துபாயிலேயே ஒரு சக்கரம் கழன்று போன பெட்டியோடு, முன்பின் தெரியாத ஊரில் தனியாக பஸ் ஏறியிருக்கிறது, நீ எங்கே போயிருந்தாய்? அந்த டிரைவர் பேசிய ஊர் இங்கிலீஷ் என்ன பாஷை என்றே அவளுக்குப் புரியவில்லையாம். பள்ளி முடிக்கும் எஸ்பிஎம் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு ஏ பிளஸ் வாங்கிய பிள்ளை மூன்று தடவை "சாரி?" "சாரி?" என்று கேட்டு, வெட்கப்பட்டுப் பேசாமல் உட்கார்ந்து, நாலு ஸ்டாப் தள்ளிப் போய் இறங்கி, மழையில் அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டே திரும்பி நடந்திருக்கிறது. ஹாஸ்டலுக்குப் போனால் சாவி கொடுக்கிற ஆள் சாப்பிடப் போய்விட்டானாம், அவன் வருகிற வரைக்கும் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தாளாம். நீ இருந்திருந்தால் அந்த பாஷையில் ரெண்டு வார்த்தை பேசியிருக்க மாட்டாயா? பதினைந்து வருஷமாக வேறு என்னதான் கற்றுக்கொண்டாய்?

அதாவது போகட்டும். நாலாம் நாள் நெருப்பு மணி. பிள்ளைக்கு நாக்கு செத்துப்போய் நம் ஊர்க் காரச் சம்பால் செய்யலாம் என்று நெத்திலியை எண்ணெயில் போட்டிருக்கிறாள். அங்கே சீலிங்கில் ஏதோ மெஷின் இருக்கிறதாம், புகையைக் கண்டால் கத்துமாம். அது கத்தினதும் நாலு மாடிக் கட்டடமே காலியாகி, எண்பது பிள்ளைகள் துண்டும் துணியுமாக மழையில் வந்து நின்றிருக்கிறார்கள், ஒருத்தி தலை முழுக்க சோப்பு நுரையோடு. நெருப்பு வண்டி ரெண்டு வந்ததாம்! தொப்பி போட்டவன் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, இதை யார் சமைத்தது என்று எல்லார் முன்னாலும் கேட்டானாம். எம் மக கையத் தூக்கியிருக்கு மச்சான். அத்தனை பேருக்கும் நடுவுல ஒத்தையா நின்னு கையத் தூக்கியிருக்கு. அன்றைக்கு போனில் அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. "அப்பா, எனக்கு இந்த ஊர் வேணாம்பா, டிக்கெட் போடுங்க, நான் வந்துர்றேன்" என்றாள். நான் உன்னைப் பதினோரு தடவை கூப்பிட்டேன். எடுத்தாயா நீ?

இங்கே என் மானம் கப்பல் ஏறிவிட்டது. கடையில் டீ குடிக்க உட்கார்ந்தால் தோட்டத்தில் எங்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் சன்னாசி, "என்ன திருநா, ஒம் மச்சான் ஏர்போட்டுக்கு வந்துட்டானாலா?" என்று தினம் கேட்கிறான். நான் ரோத்தியை வாயில் வைத்துக்கொண்டு காது கேட்காத மாதிரி இருக்கிறேன். உன் அக்காவிடம் சொன்னால் அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். தம்பி பாசம்! ஆகையால் தெளிவாக எழுதுகிறேன். தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாயே, தாராளமாக வா. பக்கத்து டவுன் சிரம்பானில் நல்ல ஹோட்டல்கள் இருக்கின்றன. என் வாசற்படியை மட்டும் மிதிக்காதே.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உனக்கு மாரியாத்தா நல்ல புத்தி கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத அத்தான்,
திருநாவுக்கரசு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் ரோகினி கூப்பிட்டாள். கடுதாசி போகிற விஷயத்தை உன் அக்காதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். "அப்பா, அத அனுப்பாதீங்க. மாமா வந்தாருப்பா. எம் பேர எழுதின அட்டையப் புடிச்சிட்டு நின்னாரு. நாந்தான் ஒரு கூட்டத்துக்குள்ள பூந்து போயிட்டேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "ஸ்கூலுக்கு நீங்க கொண்டுபோய் விட்டீங்க. டியூசனுக்கும் நீங்க. நம்ம ஊரு ஹாஸ்டலுக்கும் நீங்க. ஒரு ஊருக்காச்சும் நானே போய்ச் சேரணும்னு இருந்துச்சுப்பா" என்றாள்.

அப்பாவிடம் சொல்லாதே என்று பிறகு அவள் உன்னிடம் கேட்டுக்கொண்டதால்தான் நீ போனை எடுக்கவில்லையாம். என்னிடம் பொய் சொல்ல உனக்கு வாய் வராதாம். நெருப்பு மணி அடித்து அவள் அழுத அன்றைக்கு நீதான் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய், "இன்னும் பத்து நாள் இரு. அப்பறமும் புடிக்கலன்னா நானே டிக்கெட் எடுத்துத் தரேன்" என்றாயாம். பத்து நாள் போய்விட்டது. டிக்கெட் வேண்டாம் என்கிறாள். எல்லாம் உன் அக்காவுக்கும் தெரியுமாம். இந்த வீட்டில் தெரியாத ஒரே ஆள் நான்தான்.

எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை, இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது. அவளை உட்கார வைத்து உரக்கப் படித்துக் காட்டு, திட்டு போக வேண்டிய இடம் அதுதான். தீபாவளிக்கு நேரே நம் வீட்டுக்கு வா, ஆட்டுக்குச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. அவள் நழுவியதை நீ பார்த்துவிட்டாயாம், பார்க்காத மாதிரி அட்டையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாயாம், பிறகு நீயே அவளிடம் சொன்னாயாம். அப்படியென்றால் நீ ஒருத்தன்தான் பார்த்திருக்கிறாய். உன்னைத் தாண்டிப் போனபோது அவள் எப்படி நடந்து போனாள்? பயந்து பயந்து போனாளா, நிமிர்ந்து போனாளா? அதை மட்டும் எனக்கு விவரமாக எழுது.