நான் குடித்ததாக ஒப்புக்கொண்ட வெள்ளிக்கிழமை

காதல் திரைப்படத்தில் கதாநாயகி தொடர்வண்டியில் ஏறி அமர்ந்து, சன்னல் வழியே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். வண்டி நகர்ந்துவிட்டால் கண்ணீர் வந்துவிடும். அவன் நடைமேடையில் ஓடத் தொடங்கிவிட்டாலோ, பக்கத்து இருக்கைக்காரர் என் தோளைத் தட்டி, "ஒண்ணும் ஆகாது பெரியவரே, புடிச்சிருவான்" என்று ஆறுதல் சொல்லும் நிலைக்குப் போய்விடுவேன். பல்லாண்டுகள் கல்லூரியில் அகப்பாடல் நடத்திய ஒரு தமிழ்ப் பேராசிரியனுக்கு இது அழகா என்று கேட்டால், அழகில்லைதான். ஆகவே நெடுங்காலம் இதை எவரிடமும் சொல்லாதிருந்தேன்.

சொல்லாதிருந்ததோடு நின்றிருக்கலாம். மேடைகளில் நேர்மாறாகப் பேசியும் வந்தேன். காதல் படங்கள் இளைஞரின் சிந்தையைச் சிதைக்கின்றன என்ற பொருளில் காரைக்காலிலும் சுற்றுவட்டாரத்திலும் நான் முழங்காத மன்றம் குறைவு. அம்முழக்கத்துக்குச் சான்று திரட்டும் பொருட்டே வெள்ளிதோறும் புதுப்படம் பார்க்கிறேன் என்று என் மனச்சான்றிடம் கூறிவைத்திருந்தேன். (மனச்சான்று நம்பிற்று. அதற்கும் படம் பார்க்க ஆசைதான்.)

இக்களவு வாழ்வில் எனக்குத் துணை, திருமலைராயன்பட்டினத்துத் துணி வணிகர் ஜபருல்லா. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்து அவர் நேரே திரையரங்குக்கு வருவார். நான் ஏதேனும் ஓர் இலக்கியக் கூட்டத்தின் பெயரை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுவேன். எவர் கேட்டாலும், எந்நிலையிலும் என்னைக் காட்டிக்கொடுப்பதில்லை என்று அவர் வாக்களித்திருந்தார். படம் முடிந்ததும் அரசலாற்றுப் பாலத்தில் நின்று நுழைவுச்சீட்டைத் துண்டு துண்டாகக் கிழித்து ஆற்றில் விடுவது எங்கள் வழக்கம்.

காதல் படங்களில் எனக்குக் குறையே தென்படுவதில்லை என்று எண்ணிவிட வேண்டா. இன்றைய புதுப்படங்களின் பெருந்தொல்லை கைப்பேசி. முன்பெல்லாம் ஒரு மடல் கைமாறிப் போனால் படம் இரண்டரை மணி நேரம் ஓடும். இன்று காதலர்க்கிடையே எந்த ஐயம் எழுந்தாலும் ஓர் அழைப்பில் தீர்ந்துபோகும். ஆகவே இயக்குநர் முதல் வேலையாகக் கைப்பேசியை ஒழித்தாக வேண்டும். அது கிணற்றில் விழும்; மலையுச்சியில் ஊமையாகும்; ஆட்டுக்குட்டி கவ்விக்கொண்டு ஓடும். இன்னொன்று மழை. காதல் தோன்றிய நொடியில் மழை பெய்தாக வேண்டும் என்பது விதி. காவிரிக் கடைமடையில் வாழ்பவனுக்கு மழை என்றால் முதலில் பயிர்தான் நினைவுக்கு வரும். நாயகி வயல் நடுவே நனைந்து ஆடுகையில், அந்த வயலுக்கு வடிகால் இருக்கிறதா என்று நான் பார்ப்பேன். இத்தகைய ஆய்வெல்லாம் இடைவேளை வரையில்தான். அதன்பின் குறை காணும் அளவுக்குக் கண் தெளிவாக இராது.

பணி ஓய்வு பெற்ற புதிதில், என் மகள் யாழினிக்கு மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் அமைந்தது. அமைந்தது என்பது என் சொல். உடன் பணியாற்றிய அவ்விளைஞனும் அவளும் அதற்கு முன்பே மனமொத்துப் பேசி முடித்திருந்தனர் என்பது பிற்பாடு தெரிந்தது. வெளிவரும் காதல் படம் ஒன்றையும் விடாத நான், வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த காதலைக் கவனிக்கவில்லை.

பிள்ளையின் தந்தை என் சொற்பொழிவொன்றைக் கேட்டு மயங்கியவர். "சினிமாவை அந்தக் கிழி கிழிச்சாரே, அந்த மனுசன் வீட்டுப் பொண்ணா? கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்றாராம். தாயார் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்: குடிப்பழக்கம் உள்ள வீடாக இருக்கக் கூடாது. பெண் வீடு காரைக்கால் என்று கேட்டதும் இதை அவர் இருமுறை வலியுறுத்தினாராம். குறை சொல்ல முடியாது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டிலுள்ள உறவினர் பலர், மது மலிவான எங்களூருக்கு வருவதற்குக் காட்டும் ஆர்வம், எங்களைப் பார்ப்பதற்கானது அன்று என்பதை நாங்களே அறிவோம். இந்நிபந்தனையை என் மனைவி வேதவல்லி என்னிடம் தெளிவாகவே தெரிவித்தாள். அவ்வேளையில் நான் ஒரு புதுப்படத்தின் முன்னோட்டத்தில் மூழ்கியிருந்தேன். உம் கொட்டினேன், காதில் ஏறவில்லை.

அவர்கள் வந்து பேசி முடிக்கக் குறித்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. அந்த முன்னோட்டத்துக்குரிய படம் வெளியானதும் அதே வெள்ளிக்கிழமை. வருகை ஆறு மணிக்கு. படம் ஐந்தரைக்கு முடியும். பாலத்தைக் கடந்தால் வீடு. அறிவுடைய எவனும் அன்று படத்துக்குப் போயிருக்க மாட்டான். நான் போனேன்.

கதை எளியது. நாயகன் அவசர ஊர்தி ஓட்டுநர். நாயகி மருந்துக் கடையில் பணிபுரிபவள். அவன் ஒவ்வொரு முறை அக்கடை வாசலில் நிற்கும்போதும் வண்டிக்குள் ஓர் உயிர் ஊசலாடுகிறது. காதலைச் சொல்ல நேரமில்லை. அவள் எண் அவனிடம் உண்டு. ஆயினும் வண்டி ஓட்டுகையில் கைப்பேசியில் பேசலாகாது என்பதை உறுதியாகக் கடைப்பிடிக்கிறான். கைப்பேசியைக் கிணற்றில் போடாமலேயே கதையை நகர்த்திய அந்த இயக்குநரை அரங்கிலேயே எழுந்து வணங்கத் தோன்றியது. இடைவேளைக்குப் பின் அழத் தொடங்கியவன், இறுதிக் காட்சியில் விம்மினேன். ஜபருல்லா தம் கைக்குட்டையையும் கொடுத்தார்.

"போதும் சார். வூட்டுல விசேசத்த வச்சிக்கிட்டு இப்புடியா அழுவுறது? மூஞ்ச கழுவுங்க."

கழுவியதில் கண்கள் மேலும் சிவந்தன. குரல் கட்டிப்போனதால் அவர் தந்த கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு, பாலத்தில் சீட்டைக் கிழித்துவிட்டு வீடு சேர்ந்தேன்.

வாசலில் மகிழுந்து நின்றது. நல்ல நேரம் தவறக் கூடாதென்று அவர்கள் முன்னதாகவே வந்துவிட்டிருந்தனர். மூக்குக் கண்ணாடியில் நீர்த்திரை. படி தெரியவில்லை, தடுக்கியது. விழாத குறையாகக் கூடத்தின் நடுவே போய் நின்று "வணக்கம்" என்றேன். சொல் பாதியில் உடைந்தது.

பெற்றோருடன் பிள்ளையின் தாய்மாமனும் வந்திருந்தார். எல்லைக்கு அப்பால் காவல்துறையில் உதவி ஆய்வாளர். காரைக்காலிலிருந்து வெளியேறும் வண்டிகளை நிறுத்திச் சோதிப்பது அவர் பல ஆண்டுப் பணி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார் எங்க போயிட்டு வர்றீங்க?"

"ஓர் இலக்கியக் கூட்டம்."

"கூட்டத்துல கிராம்பெல்லாம் குடுக்குறாங்களா?"

பிறகு தம் அக்காள் பக்கம் சாய்ந்து, தணிந்தது என்று தாம் நம்பிய குரலில் சொன்னார்: "கண்ணப் பாருக்கா. கால் வேற நிக்கல. நான் பாக்காத ஆளா?"

வேதவல்லி என்னை அடுக்களைக்குள் இழுத்தாள். "ஏங்க, இன்னிக்குப் போயா?"

"வேதா, நான் குடிக்கவில்லை."

"பின்ன கண்ணு ஏன் மொளகாப்பழமாட்டம் இருக்கு?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது கூடத்திலிருந்து பிள்ளையின் தந்தை பேசுவது கேட்டது: "சும்மா இருய்யா மச்சான். ஐயா எப்பேர்ப்பட்டவரு! சினிமா பக்கமே தலை வச்சிப் படுக்காதவரு."

அந்தச் சொல்லில் நான் வீழ்ந்தேன். குடிப்பவனுக்கு ஊரில் ஓர் இடமுண்டு. காதல் படம் பார்த்து அழும் பேராசிரியனுக்கு இல்லை என்று என் அறிவு கணக்கிட்டது. (அறிவு என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.) கூடத்துக்குச் சென்று, மேடைத் தோரணையில் அறிவித்தேன்: "பொறுத்தருள வேண்டும். இன்று சிறிதளவு மது அருந்தினேன்."

வேதவல்லி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

பிள்ளையின் தாயார் எழுந்துவிட்டார். கோபம் இல்லை, குரல் நடுங்கிற்று. "எங்கப்பா குடிச்சே போனாருங்க. ராத்திரியெல்லாம் வாசலப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கிற பொழப்பு எனக்குத் தெரியும். எம் புள்ளைக்கு அது வேணாம். எந்திரிங்க, போவலாம்."

அப்போதுதான் அந்நிபந்தனை என் நினைவுக்கு வந்தது. அறைக் கதவருகே யாழினி நின்றாள். அழவில்லை. படமாக இருந்தால் அவ்விடத்தில் ஒற்றைப் புல்லாங்குழல் ஒலித்திருக்கும். எங்கள் வீட்டில் மின்விசிறி கறகறத்தது.

"அப்பா," என்றாள், "படத்துக்குத்தானே போனீங்க?"

"உனக்கு எப்படி..."

"வெள்ளிக்கிழமையானா துண்டு நனைஞ்சு வருதே, தொவைக்கிற எனக்குத் தெரியாதா? சொல்லுங்கப்பா. என் வாழ்க்க போவுது."

சொன்னேன். குடிக்கவில்லை, காதல் படம் பார்த்தேன், அழுதேன், வெள்ளிதோறும் அழுகிறேன். பிள்ளையின் தந்தை முகத்தை நான் பார்க்கவில்லை. உதவி ஆய்வாளர் சிரித்தார்.

"எங்கிட்ட எத்தனையோ காரணம் சொல்லியிருக்காங்க சார். இருமல் மருந்துன்னு சொல்லியிருக்காங்க, மாமியா செத்துட்டான்னு சொல்லியிருக்காங்க. காதல் படம் பாத்தேன்னு ஒருத்தன் சொன்னதில்ல. டிக்கெட் எங்க?"

"அரசலாற்றில்."

"ஊதுங்க."

தமிழ்ப் பேராசிரியன் ஒருவன் தன் வீட்டுக் கூடத்தில் நின்று ஊதினான். "கிராம்புதான் வருது," என்றார் அவர். "அதுக்குத்தான சார் கிராம்பே போடுறது."

கடைசிப் புகலிடமாக ஜபருல்லாவைக் கைப்பேசியில் அழைத்து, எல்லாரும் கேட்குமாறு ஒலியைக் கூட்டி வைத்தேன். உதவி ஆய்வாளர் கேட்டார்: "பாய், சார் இன்னிக்கு உங்களோட தியேட்டருக்கு வந்தாரா?"

"சாரா? தியேட்டருக்கா?" என்றார் ஜபருல்லா. "சாரப் பாத்தாத் தியேட்டருக்கு வர்ற ஆளு மாதிரியாங்க இருக்கு?" தொழுத நாளில் அவர் பொய் சொல்ல மாட்டார், வினாக்களாகவே விடையளித்தார்.

"ஜபருல்லா, உண்மையைச் சொல்லும்!" என்று கதறினேன்.

"ஓ, நீங்களும் பக்கத்துலதான் இருக்கீங்களா? அப்பச் சரி. கவலப்படாதீங்க சார், நான் பாத்துக்குறேன்."

தாயார் வாசல்வரை போய்விட்டார். உதவி ஆய்வாளருக்கு என்ன தோன்றியதோ, "இரு அக்கா" என்றார். "சார், அந்தப் படத்துக் கதையச் சொல்லுங்க. குடிச்சவன்னா நடுவுல ஒளறிடுவான்."

என் மகளின் வாழ்வு ஒரு கதைச் சுருக்கத்தில் தொங்கிற்று. தொடங்கினேன். அவசர ஊர்தியின் முதல் ஒலியிலிருந்து சொன்னேன். மருந்துக் கடை விளக்கை அவன் கடந்துபோகும் ஒவ்வொரு முறையையும் சொன்னேன். ஓட்டுகையில் அவன் கைப்பேசியை எடுப்பதில்லை என்றபோது உதவி ஆய்வாளர், "நல்ல பய" என்று தம்மையறியாமல் சொன்னார். தாயார் வாசலில் நின்றபடி கேட்டார். பிறகு நாற்காலி நுனியில் அமர்ந்தார். பிறகு நன்றாகவே அமர்ந்தார். "அந்தப் பொண்ணுக்கு அவன் மேல ஆச இருக்குதா இல்லியா?" என்று குறுக்கே கேட்டார். "பொறுங்கள் அம்மா, வருகிறது" என்றேன். ஒரு வகுப்பில்கூட மாணவர் என்னை அவ்வாறு கேட்டதில்லை. இறுதிக் காட்சிக்கு வந்தேன். அவன் அன்று அக்கடை முன் வண்டியை நிறுத்துகிறான். உள்ளே படுத்திருப்பவர் யார் என்று அவள் பார்க்கிறாள். நானும் அழத் தொடங்கினேன். அழுதுகொண்டே கடைசி நொடிவரை ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தேன்.

தாயார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். பிள்ளையின் தந்தை துண்டில் மூக்கைச் சிந்தினார். உதவி ஆய்வாளர் மேற்கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் கண்களும் அப்போது மிளகாய்ப்பழமாட்டம்தான் இருந்தன.

"குடிக்கலக்கா," என்றார் கரகரத்த குரலில். "இது அழுத கண்ணுதான்."

யாழினி மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. தாயார் முந்தானையை விலக்கினார். நன்றி கூறப் போகிறார் என்று எண்ணினேன்.

"முடிவையும் சொல்லிப்புட்டீங்களே!" என்று வெடித்தார். "ராத்திரி ஆட்டத்துக்கு நாங்க மூணு பேரும் டிக்கெட்டு எடுத்திருக்கோம்ங்க! இங்கதான், காரைக்கால்ல! அதுக்காவத்தானே வெள்ளிக்கிழமையாப் பாத்து நாள் குறிச்சது!"

மூன்று பேர் என்றதும் பிள்ளையின் தந்தையைப் பார்த்தேன். என் சொற்பொழிவின் தலைசிறந்த தொண்டர், தரையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

"குடிகாரரா இருந்தாத் திருத்திப்புடலாம்," என்று அந்த அம்மையார் ஆற்றாமல் தொடர்ந்தார். "கேட்டுட்ட கதைய எப்புடிங்க மறக்குறது?"

தட்டு மாற்றிக்கொண்டார்கள். இருந்தும் அன்றிரவு படத்துக்குப் போனார்கள். வேதவல்லியையும் யாழினியையும் அழைத்துப் போனார்கள். என்னை அழைக்கவில்லை. மறுநாள் ஜபருல்லா மார்பு நிமிர்த்தி வந்து, "கடைசிவரைக்கும் காட்டிக்குடுக்கலல்ல சார்?" என்றார். அவருக்குக் காப்பி கொடுத்தனுப்பினேன்.

திருமணம் சிறப்பாக நடந்தது. திரைப்படத்தைச் சாடும் கூட்டங்களுக்கு இப்போது எவரும் என்னை அழைப்பதில்லை. செய்தி எல்லை தாண்டிப் பரவிவிட்டது. குடும்ப நிகழ்ச்சியில் எவர் கண் சிவந்திருந்தாலும் உதவி ஆய்வாளர் கேட்கும் முதல் கேள்வி, "குடியா, படமா?" அடுப்படிப் புகையில் நின்ற சமையற்காரரைக்கூட அவர் விட்டதில்லை. புதுப்படம் வெளியாகும் வெள்ளிதோறும் சம்பந்தியம்மா தொலைபேசியில் அழைப்பார்கள். "அழுதீங்களா? ஆமான்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்த பேசக் கூடாது." காதல் படங்கள் பற்றி இவ்வளவு கருத்து வைத்திருக்கும் ஒருவன், ஒற்றைச் சொல்லில் விமரிசனத்தை முடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் சம்பந்தியம்மா படிக்கக் கேட்டார்கள். எழுதுகோலுடன் அமர்ந்து, ஒரே ஒரு பத்தியை மட்டும் முழுவதுமாக அடித்துத் தந்தார்கள். அது அப்படத்தின் முடிவை நான் விளக்கியிருந்த பத்தி. என் மானம் போன பகுதிகளெல்லாம் அப்படியே இருக்கலாமாம்.