சிந்தாத பிரேக் ஆயிலும் காணாமல் போன குடையும்

"…இது என் குடை மாதிரியே இருக்கே," என்றார் என் மாமனார்.

மாதிரி இல்லை, அவருடைய குடையேதான். வளைந்த மரக் கைப்பிடியில் தன் பெயரின் முதல் எழுத்தை அவரே ஆணியால் கீறி வைத்திருந்தார். அது என் காரிலிருந்து உருண்டு வந்து அவர் காலடியில் கிடந்தது. பக்கத்தில் டேவிட் சார் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அந்தக் குடையை எடுத்ததாக முந்தின நாள் மாமா சந்தேகப்பட்டது அவரைத்தான். எங்கள் காரை அதுவரை தள்ளிக்கொண்டு வந்ததும் அவர்தான்.

மாமா அடுத்து என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். (சொல்ல ஆசையில்லை. ஆனால் என் மனைவி ஸ்டெல்லா சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.)

தொண்ணூறுகளின் கடைசி. லிங்கராஜபுரத்தில் மாமனார் வீட்டு மாடியில் குடியிருந்தோம். (வீட்டோடு மாப்பிள்ளை என்று நினைக்க வேண்டாம். மாடிப்படி தனி.) என்னிடம் இரண்டு கை மாறி வந்த ஒரு சின்ன வெள்ளைக் கார் இருந்தது. அதைவிட ஆபத்தாக, அதை நானே ரிப்பேர் செய்துவிடலாம் என்ற நம்பிக்கையும் இருந்தது.

குடை சம்பவத்துக்கு ஆறு மாதம் முன்பு பின்சக்கரத்தில் பிரேக் சிலிண்டர் மாற்ற உட்கார்ந்தேன். குழாயைக் கழற்றியதும் மேலே டப்பாவில் இருந்த பிரேக் ஆயில் மொத்தமும் என் முழங்கை வழியாக ஒழுகித் தீர்ந்தது. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மாமா புதிதாகப் பச்சை அடித்த கேட்டை அந்தக் கையாலேயே பிடித்துக்கொண்டு எழுந்தேன். மறுநாள் கேட்டில் ஐந்து விரலும் அச்சாக உரிந்திருந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா முதலில் கேட்டைக் காட்டி, "இது மாப்பிள்ளை கை," என்பார். அப்புறம்தான் என்னைக் காட்டுவார்.

இந்த நிலைமையில்தான் என் மச்சினி ரோஸிக்கு ஊரின் மறுகோடியில், பொம்மனஹள்ளியில் ஒரு இடம் கூடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பேச வரச் சொன்னார்கள். பையனின் அப்பா ஒரு ஃபேக்டரியில் டைம் ஆபீஸில் இருந்தவர். அடுத்தவன் எத்தனை நிமிஷம் லேட் என்று எழுதியே முப்பது வருஷம் சம்பளம் வாங்கிய மனிதர். இதற்கு முன் வந்த இரண்டு இடமும் தட்டிப் போயிருந்தன. "இதுவும் போச்சுன்னா நான் எதுக்கும் வரலை, என்னை விட்டுடுங்க," என்று ரோஸி சொல்லியிருந்தாள்.

காரிலோ முன்பக்க பிரேக் ஹோஸ் வெடிப்பு விட்டிருந்தது. அந்த ரப்பர் குழாயை மாற்றாமல் ஓசூர் ரோட்டில் போக முடியாது. பிரேசர் டவுன் மெக்கானிக் பாஷா பாய் சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நானே மாத்திடறேன் பாய். ஆனா ஒரு சொட்டு கூட ஒழுகக் கூடாது."

"டென்ஷன் நக்கோ, வேணாம் சார். பெடலை ரெண்டு விரல் அளவு அமுக்கி, ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து அப்படியே நிறுத்திடுங்க. டப்பாலேர்ந்து ஆயில் இறங்குற ஓட்டை மூடிக்கும். அப்புறம் எங்க கழட்டினாலும் வராது. பிரேக் ஆயில் கண்ணீர் மாதிரி சார், வெளிய வந்துட்டா திரும்ப உள்ள ஏத்த முடியாது."

அந்த வாக்கியம் எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பின்னால் பாய் "சார், இன்னொண்ணு, பேட்டரி…" என்று கூப்பிட்டார். கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். (பாதிப் பாடம் படித்தவன் முழு வாத்தியார் ஆவது இப்படித்தான்.)

சனிக்கிழமை மத்தியானம் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக் கொடுக்க அளவாக ஒரு கட்டை தேடினேன். விளக்குமாறு நீளம், சப்பாத்திக் குழவி குட்டை. மாமா வீட்டுக் கதவுக்குப் பின்னால் அவர் குடை தொங்கியது. வைத்துப் பார்த்தால், அந்தக் காருக்கென்றே செய்தது மாதிரி உட்கார்ந்தது.

பாய் சொன்னது சத்தியம். பழைய ஹோஸுக்குள் இருந்த நாலு சொட்டைக் கிண்ணத்தில் பிடித்தேன், அவ்வளவுதான். புது ஹோஸை மாட்டி முடித்தபோது கீழே விரித்த பேப்பர் அப்படியே காய்ந்து கிடந்தது. அதை மடித்து, மார்க் ஷீட் மாதிரி எடுத்துக்கொண்டு போய் மாமாவிடம் நீட்டினேன்.

"பாருங்க மாமா. ஒரு சொட்டு சிந்தலை."

"அது கிடக்கட்டும். என் குடையைப் பாத்தீங்களா?"

வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். "நேத்து ஜெபக்கூட்டத்துக்கு டேவிட் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். அங்கதான் இருக்கும்."

டேவிட் சார் எதிர்வீடு. ரிட்டையர்டு வாத்தியார், மாமாவுக்கு இருபது வருஷ சிநேகிதர். பத்து நிமிஷத்தில் அந்த வீட்டுப் பக்கமிருந்து குரல் கேட்டது. "இல்லைன்னு சொல்றேனே சார்." "ஒரு தடவை உள்ள பாத்துடலாமே." "அப்போ நான் எடுத்து வெச்சிருக்கேன்னு சொல்றீங்க." அப்புறம் கதவு சாத்தும் சத்தம்.

இதற்கு மேல் எப்படிச் சொல்வது? புதுக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்கிற வேலை இன்னும் பாக்கி. அதற்குப் பெடலை மிதிக்க ஒரு ஆள் வேண்டும், ஸ்டெல்லாவோ டெய்லர் கடைக்குப் போயிருந்தாள். கண்ணாடி வழியாகக் குடை தெரிந்தது, வெளியே எடுத்தால் மாமா கண்ணில் படும். கார் மேல் கவரைப் போட்டு மூடி, கயிறு கட்டிவிட்டு மாடிக்கு ஓடிவிட்டேன்.

மறுநாள் கோயிலில் மாமாவும் டேவிட் சாரும் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்து சமாதானப் பாட்டு பாடினார்கள். மத்தியானம் மாமா கண்ணயர்ந்த நேரம் கவரைத் தூக்கினோம். குடையை எடுத்துவிட்டு ஸ்டெல்லா பெடலை மிதிக்க, நான் காற்றை எடுத்து முடித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது.

"குடையை வீட்டுக்குள்ள வெச்சுடட்டுமா?"

"வேண்டாம். எங்க இருந்துச்சுன்னு கேப்பார். சீட்டுக்கு அடியில போடுங்க. பொம்மனஹள்ளியில இறங்கறப்போ, அட, கார்லயே இருந்துச்சான்னு நான் கண்டுபிடிக்கறேன்," என்றாள். (இருபத்தைந்து வருஷமாக அவளோடு வாழ்கிறேன். பயம் போகவில்லை.)

இரண்டரை மணிக்கு எல்லோரும் பட்டுடுத்தி ஏறினார்கள். சாவியைத் திருப்பினேன். "டிக்" என்றது. மறுபடி திருப்பினேன். அந்த டிக் கூட இல்லை.

பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். சாவியைப் பிடுங்கினாலும் அது எரிகிற கார் எங்களுடையது. சனி மத்தியானத்திலிருந்து ஒரு நாள் முழுக்கக் குடை என் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறது. பாய் சொல்ல வந்த 'இன்னொண்ணு' பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லித்தான். வண்டி நிற்பதற்கு வேண்டியதெல்லாம் பழுதில்லாமல் செய்திருந்தேன். கிளம்பத்தான் வழியில்லை.

நான் ஸ்டீயரிங்கில். மாமாவும் ஸ்டெல்லாவும் தள்ளினார்கள். எங்கள் தெரு மேடு, கார் ஒரு முழம் நகர்ந்து நின்றது. ரோஸி கண்ணைத் துடைத்தாள், மை கலைந்தது. எதிர்வீட்டு கேட்டில் டேவிட் சார், கோயிலுக்குப் போட்ட சட்டையோடு பார்த்துக்கொண்டு நின்றார். மாமா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

ஜன்னல் வழியாக மாமியார் தலையை நீட்டினார். "குடை பெருசா, பொண்ணு பெருசா?"

மாமா தெருவைக் கடந்தார். "சார், ஒரு கை…" என்றார். டேவிட் சார் வந்து கை வைத்தார். தள்ளிக்கொண்டேதான் பேசினார்.

"ராத்திரி உங்க கவருக்குள்ள சிவப்பா எரிஞ்சுது. இவ்வளவு சீக்கிரம் கிறிஸ்துமஸ் ஸ்டார் போட்டுட்டாங்களேன்னு நெனச்சேன்."

"சொல்லியிருக்கலாமே சார்," என்றேன்.

"சொல்லியிருப்பேன். அப்புறம், ராத்திரி எங்க கார் பக்கம் உங்களுக்கு என்ன வேலைன்னு கேட்டா?"

மாமா இன்னும் வேகமாகத் தள்ளினார். வண்டி உதறிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. அவர்களை ஏற்றிக்கொள்ள பிரேக் போட்டேன். என் பிரேக் பொய் சொல்லாது, போட்ட இடத்தில் நின்றது. அந்த உதறலில், சரியாகச் சாத்தாத பின்கதவு திறந்தது. மேட்டில் நின்ற காரிலிருந்து குடை விழுந்து, உருண்டு உருண்டு, வழி தெரிந்த மாதிரி மாமாவின் காலடிக்குப் போனது.

பொம்மனஹள்ளிக்கு ஏழு நிமிஷம் லேட்டாகப் போனோம். சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்தார். டேவிட் சார்தான் முந்திக்கொண்டு நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்த மனிதர் சிரித்த சிரிப்பில் இடம் முடிவானது. ரோஸியின் புருஷன் இன்றைக்கும் என் காரில் ஏறினால் முதலில் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பான். வீட்டில் யார் எந்த வேலையைக் கெடுத்தாலும், "ஆனா ஒரு சொட்டு சிந்தலை," என்று சொல்ல ஒரு ஆள் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் கூடப் பழகிவிட்டது.

அந்தத் தெருவுக்கு வருகிறேன். மாமா குனிந்து குடையை எடுத்தார். கைப்பிடியில் இருந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவினார். என்னைப் பார்க்கவேயில்லை. மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை, அன்றும் வரவில்லை. மழை இல்லை. வெயிலும் பெரிதாக இல்லை. அவர் குடையை விரித்து, வேர்த்து நின்ற டேவிட் சார் தலைக்கு மேலே பிடித்தார். அப்படியே கார் வரைக்கும் நடத்திக் கூட்டி வந்து, தான் எப்போதும் உட்காரும் முன்சீட்டில் அவரை உட்கார வைத்தார். பிறகு பின்னால் மூன்று பெண்களுக்குப் பக்கத்தில் தன்னை நுழைத்துக்கொண்டு, குடையை மடியில் வைத்துக் கதவைச் சாத்தினார்.