காபியில் கரைத்த மாத்திரை

அன்புள்ள ஜெஸிந்தா அக்காவுக்கு,

நடுவட்டத்திலிருந்து உங்கள் தம்பி செலஸ்டின் எழுதுவது. நானும் மகன் ரொனால்டும் ஆண்டவர் அருளால் நலம் என்று எழுதித்தான் பழக்கம். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் அவன் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நீங்கள் நாற்பது வருஷம் நர்ஸாக இருந்தவர்கள், திட்டுவதென்றால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள். குன்னூர் டாக்டர் புது மாத்திரை கொடுத்ததிலிருந்து ரொனால்ட் காதில் கேட்ட குரல்களெல்லாம் ஒழிந்தன. ஆறு மாதமாக நன்றாகத் தூங்குகிறான், ஃபேக்டரியில் பழையபடி டீ ருசி பார்க்கும் வேலைக்கும் போகிறான். ஆனால் அந்த மாத்திரைக்கு ஒரு குணம், வாயில் எச்சில் பைக்காரா அருவி மாதிரி ஊறுகிறது. தலையணைக்குத் துண்டு, துண்டுக்கு மேல் துண்டு. போன ஞாயிறு பூசையில் முன்பெஞ்சு அம்புரோஸ் கழுத்தில் சொட்டி, கூரை ஒழுகுகிறதென்று அவர் அண்ணாந்து பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. எச்சில் வற்றவும் டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார், ராத்திரி பாதி மட்டும். நான்தான் பெரிய வைத்தியனாச்சே, யாரையும் கேட்காமல், திங்கட்கிழமையிலிருந்து காலைக் காபியில் முழுசாக ஒன்றைக் கரைத்துக் கொடுத்துவந்தேன்.

ஃபேக்டரியில் வரிசையாகக் கோப்பை வைத்து, உறிஞ்சி உறிஞ்சித் துப்புவதுதான் அவன் வேலை. அவன் எச்சிலை ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத இடம் அது ஒன்றுதான், துப்புவதற்குச் சம்பளமும் தருகிறார்கள். அது என் புத்திக்கு எட்டவில்லை. நாக்கு காய்ந்துபோய், முதல்தரமான டீயை, "நனைஞ்ச காயிதமாட்ட இருக்குதுங்க" என்று தள்ளிவிட்டிருக்கிறான். மேனேஜர் வேலுமணி, "ரெண்டு நாள் லீவு போட்டுட்டு ஊட்ல இருங்க ரொனால்ட்" என்று அனுப்பிவிட்டார்.

வந்தவன் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். "அப்பா, மறுபடியும் வந்துருச்சுங்க" என்றான்.

"என்னடா, குரலா?"

"குரல் இல்லீங்க. காபியில என்னமோ கலந்திருக்குதுன்னு மூணு நாளாத் தோணுது. முதல் மடக்குலயே கசக்குது. இப்படித் தோணுனா மறைக்காமச் சொல்லோணும்னு டாக்டர் சொன்னாருங்கல்ல, அதானுங்க சொல்றேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா அக்கா? "அதெல்லாம் உன் மனப்பிரமைடா" என்றேன்.

பெற்றவன் சொல்கிற பேச்சா இது? அவன் கண்டது உண்மை, அதை நோய் என்றுவிட்டேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போய் மாத்திரையைக் கூட்டித் தரச்சொல்லப் போகிறானாம். இனி அவன் தன் நாக்கையும் நம்ப மாட்டான், மனசையும் நம்ப மாட்டான். எனக்கு அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. அதற்குள் நீங்கள் பஸ் ஏறி வந்து, அவனிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

மச்சானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர். மாதா உங்களுக்கு முழங்கால் வலியைக் குறைக்கட்டும், முக்கியமாகப் பஸ்ஸில்.

இப்படிக்கு,
செலஸ்டின்

பி.கு.: வர வேண்டாம் அக்கா. என் கையெழுத்து தபால்காரருக்குப் புரியாதென்று, உறையில் அட்ரஸ் எழுத அவனையே கூப்பிட்டேன். உங்கள் பெயரை எழுதிவிட்டு, "அத்தைக்கு என்னங்கப்பா இத்தனை பக்கம்?" என்றான். எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். "அப்ப என் நாக்கு சரியாத்தானுங்க இருந்துருக்குது" என்றான். பிறகு எழுந்துபோய் அவனே காபி போட்டு வந்து, என் கையில் டம்ளரைக் கொடுத்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து பார்த்தான். கசந்தது அக்கா. ஏனென்று கேட்காமல் முழுசும் குடித்தேன்.