வளையமின்றி வாசல் தாண்டக்கூடாது

இந்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகத்தான் போவேன். மனைவி வரமாட்டாள். வியாழன் காலை, வாய் நிறையப் பற்பசை நுரையோடு கண்ணாடி முன் நின்று இந்தச் சபதத்தை எடுத்தேன்.

போவது கடுகண்ணாவைக்கு. பழைய நீராவி எஞ்சின் ஒன்று ஞாயிறு பத்து மணிக்கு அங்கே மூச்சிரைக்க மலையேறி வருகிறது. என்னைப் போன்ற ரயில் பைத்தியங்களுக்கு அது திருவிழா. போன தடவை துஷ்யந்தியையும் கூட்டிப் போனேன். எஞ்சின் கடந்து போன நாற்பது விநாடியும், "ஏங்க, மழைத்தண்ணி ஓடுற கூரைப் பீலில அடைச்சிருக்கிற எலையை எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் எடுத்த வீடியோவில் நீராவிச் சத்தமே இல்லை. பீலிதான் இருக்கிறது.

என் பெயர் ராஜலிங்கம். கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணி விற்கிறேன். கட்டுகஸ்தோட்டையில், என் சொந்த வீட்டுக்குள், ரயில்வே நடத்துகிறேன். பொம்மை ரயில் என்று சொல்கிறவர்களோடு நான் பேசுவதில்லை. என் ரயில் முன்வாசலில் புறப்பட்டு, சோபாவுக்கு அடியில் சுரங்கம் புகுந்து, குசினி வழியாகப் பின்வாசலையும் தாண்டி ஓடும். எந்த வாசலால் வெளியே போனாலும் என் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அதில்தான் யோசனை பிறந்தது. ஒற்றைப் பாதையில் ஸ்டேசன் மாஸ்டர் அனுமதியாகக் கொடுக்கும் பெரிய வளையம் கையில் இல்லாமல் எந்த ரயிலும் நகராது. ஒரு துண்டுப் பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரே வளையம்தான். அதை வாங்கிப்போன ரயில் போய்ச் சேரும்வரை அடுத்த ரயில் காத்துக் கிடக்கவேண்டும். இதையே வீட்டுக்கும் சட்டமாக்கினால் என்ன?

பிரம்பில் வளையம் செய்து சுவரில் ஆணியடித்து மாட்டினேன். ஆணிக்கா பஞ்சம்? பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டினேன்: "ரயில் பாதுகாப்புக் கருதி, வளையமின்றி எவரும் வாசல் தாண்டக்கூடாது. மீறுபவரின் உயிருக்குயிரான பொருள் மூன்று மாதம் அலுமாரியில் பூட்டப்படும்." அவளுடைய டீவி ரிமோட்டை மனதில் வைத்துத்தான் எழுதினேன்.

துஷ்யந்தி இரண்டு முறை வாசித்தாள்.

"அப்ப ஒரு நேரத்துல ஒராள்தான் வெளிய போகலாமா?"

"ஒராள்தான். ரெண்டு பேர் போனா மோதிக்குவாங்க."

"மோதாம இருக்கிற நாளு எது? சரி, டிரைவர் தானாவே வளையத்த எடுத்துக்கலாமா? ஸ்டேசன் மாஸ்டர்தானே குடுக்கணும்?"

பத்து வருடக் குடும்ப வாழ்க்கையில் முதல்முறையாக என் மனைவிக்கு ரயில்வே புரிகிறது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீயே ஸ்டேசன் மாஸ்டரா இரு."

"ஐயோ, அவ்வளவு பெரிய உத்தியோகம் எனக்கு எதுக்குங்க?"

"பரவால்ல, இரு. ஆனா ஒண்ணு. டியூட்டில இருக்கிற ஸ்டேசன் மாஸ்டர், தலை போற காரியமா இருந்தாலும் ஸ்டேசன விட்டுப் போகக்கூடாது."

"அதையும் எழுதி ஒட்டிருங்க."

பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே என்மேல் பொறாமை வந்தது.

ஞாயிறு காலை எட்டு மணி. தொப்பி, கெமரா, தண்ணீர்ப் போத்தல் சகிதம் வாசலுக்கு வந்தேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. வளையம் துஷ்யந்தியின் தோளில். உடம்பில் புதுச் சாரி.

"வளையத்தக் குடு, நேரமாச்சு."

"இன்னைக்கு எனக்கு லீவுங்க."

"ஸ்டேசன் மாஸ்டருக்கு ஏது லீவு?"

"அவங்களும் மனுசங்கதானே? எனக்குப் பதிலா வேற ஸ்டேசன் மாஸ்டர் டியூட்டிக்கு வந்துட்டாரு."

"யாரது?"

பச்சைக் கொடியை என் கையில் திணித்தாள்.

"வீட்டுல வேற யாரு இருக்கா?"

"அப்ப நீ எங்க போற?"

"கடுகண்ணாவைக்கு. பக்கத்து வீட்டு நுஸ்ஹா நீராவி எஞ்சினே பார்த்ததில்லயாம்."

"நானும் வர்றேன்!"

பெரிய எழுத்து நோட்டீஸைக் காட்டினாள். பிறகு மற்ற நோட்டீஸைக் காட்டினாள். பிறகு சோபா ஓரத்தில் நின்ற என் பச்சை நிற எஞ்சினைப் பார்த்தாள். இரண்டு வருட உழைப்பு அது. அலுமாரிச் சாவி அவள் இடுப்பில் ஆடியது.

"உயிருக்குயிரான பொருளு," என்று நிதானமாக வாசித்தாள்.

பின்வாசல் ஞாபகம் வந்தது. அங்கேயும் தண்டவாளம். போட்ட பாவி நான்தான்.

"துஷ்யந்தி, த்ரீவீல் வந்து நிக்கிது, வாங்க!" என்று வெளியே நுஸ்ஹாவின் குரல்.

அவள் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டுத் திரும்பினாள்.

"ஏணிய ஜன்னலுக்கு வெளிய சாத்தி வச்சிருக்கேன். கூரையும் ஸ்டேசனுக்குச் சொந்தம்தானே? அதுல ஏறுனா சட்டம் ஒண்ணும் மீறாது. இப்ப கொடிய காட்டுங்க, ரயில் பொறப்படுது."

காட்டினேன்.

பத்து பத்துக்கு, இரண்டு கையிலும் அழுகிய இலையோடு கூரையில் குந்தியிருந்தபோது போன் சிணுங்கியது. ஒரு படம் வந்திருந்தது. நீராவி எஞ்சினுக்குள்ளேயே, கரி படிந்த டிரைவர் பக்கத்தில், தோளில் என் வளையத்தோடு துஷ்யந்தி நிற்கிறாள். கீழே எழுதியிருந்தாள்:

"ஒங்க வூட்டுக்காரருக்கு இதுல எல்லாம் ஆசை இல்லையான்னு டிரைவர் கேட்டாரு. அவருக்குப் பீலின்னாத்தான் உயிருன்னு சொல்லிட்டேன்."