டூயட்டில் மூன்றாவது குரல்

யாழ்ப்பாணத்தானுக்கு வாயை மூடிக்கொண்டு கேட்கத் தெரியாது. எதிரில் இருப்பவர் கதைக்கக் கதைக்க இடையிடையே "ஓம்... ஓம்" என்று ஆமாம் போடவேண்டும். போடாவிட்டால், "என்ன, நித்திரையோ?" என்பார்கள். இந்த நல்ல பழக்கம்தான் என்னை வெள்ளைக்காரரின் நாட்டுப்புறப் பாட்டான 'கன்ட்ரி' பாடும் ஒருவரின் இசைத்தட்டில் கொண்டுபோய் ஏற்றியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தில் இருந்த நாகு அண்ணை, தான் துப்புரவு வேலை செய்த ஒஷாவா நகரத்து இசை மண்டபத்தில் என்னையும் சேர்த்துவிட்டிருந்தார். தற்காலிக வேலை. பெர்மனென்ற் ஆனால்தான் ஊரிலிருந்த அம்மாவை ஸ்பொன்சர் செய்யலாம். ஆகவே நான் துடைத்த தரையில் கால் வைக்க மனேஜரே கூச்சப்பட்டார்.

அந்த மாலை ஒரு வயதான கன்ட்ரி பாடகர், பெயர்பெற்ற விருந்தினர்களோடு சோடி சோடியாகப் பாட, அதை அப்படியே இசைத்தட்டுக்காக ஒலிப்பதிவு செய்தார்கள். கைதட்டலைப் பிடிக்கக் கூரையிலிருந்து மைக்குகள் தொங்கின. "தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்மு" என்று சொல்லி மனேஜர் என்னையும் அண்ணையையும் பின்கதவில் நிறுத்தினார். தலைக்கு மேலேயே ஒரு மைக்.

முதல் பாட்டு முடிந்து சனம் கைதட்டும்போது அண்ணை காதுக்குள் கேட்டார்: "என்னவாம் தம்பி?"

குடும்பத்தில் முதன்முதலாக இங்கிலிஷ் படித்தவன் நான், விடுவேனா? "ட்ரக் பழுதாம். நாய் செத்துப்போச்சாம். மனிசியும் விட்டிட்டுப் போட்டாவாம்."

"ஐயோ பாவம். உவர் அகதிக் கேஸ் குடுத்தா உடனை அக்செப்ட் பண்ணுவாங்கள்."

அடுத்து ஒரு பாடகி வந்தார். பாட்டில் அவர் தொலைதூரத்திலிருந்து கணவனுக்கு ரெலிபோன் எடுக்கிறார். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. கண் கலங்கியது. வாத்தியங்கள் நின்றன. பாடகி கண்ணை மூடிக்கொண்டு, 'நான் சொல்வது கேட்கிறதா?' என்று பாடி, பாடகரின் பதிலுக்காக நிறுத்தினார். பாடகர் பதில் பாட மூச்சை இழுத்தார்.

"ஓம்! கேக்குது, சொல்லுங்கோ!"

(ஊருக்கு ரெலிபோன் எடுத்துப் பழகிய என் தொண்டை. அந்தக் காலத்து லைனில் கத்தாவிட்டால் குரல் ஸ்காபரோவையே தாண்டாது.)

மண்டபமே திரும்பியது. அண்ணை என்னை முன்பின் தெரியாதவர்போலத் தள்ளி நின்றார். மனேஜர் வந்த வேகத்தில் அம்மாவின் விசா பறந்துபோவதைக் கண்ணால் கண்டேன். அப்போது பாடகர் சிரிக்கத் தொடங்கினார். பாடகியும் சிரித்து, பின்கதவைப் பார்த்து, "நன்றி, அன்பே" என்றார். சனம் எழும்பி நின்று தட்டியது.

அன்றைக்கு ஆகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான். அதனால் இசைத்தட்டில் அதை வெட்டவில்லை. மனேஜரும் என்னை வேலையிலிருந்து கலைக்கவில்லை. பெர்மனென்ற் ஆக்கினார், பேஸ்மென்ற்றில். பாட்டு நடக்கும்போது மேலே தலைகாட்டக் கூடாது.

அம்மா வந்ததும் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். "மற்றவை என்னவோ முனகுகினம். நீ சொன்னது மட்டும்தான் விளங்குது" என்றார்.

பிறகு ஸ்காபரோவில் என் கல்யாணம். 'இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்கிறீரா?' என்று பதிவுக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பட்டது போதாதா? முதலில் கூரையைப் பார்த்தேன், மைக் ஏதும் தொங்குகிறதோ என்று. அந்த இடைவெளியில் பின்வரிசையிலிருந்து நாகு அண்ணை குரல் கொடுத்தார்:

"ஓம்! கேக்குது, சொல்லுங்கோ!"

இன்றைக்கும் வீட்டுக்கு ஆர் வந்தாலும் மனைவி தேத்தண்ணியோடு இதையும் பரிமாறுவாள்: "ஆரோ ஒரு வெள்ளைக்காரி கேட்ட உடனை ஓம் எண்ட மனிசன், நான் பக்கத்தில நிக்க முகட்டைப் பாத்தவர். என்ர கலியாணத்துக்கு ஓம் சொன்னது நாகு அண்ணை!"