நகஞானி பார்த்த பத்து நகங்கள்

அழகுக்கலை படிக்கப் போகிறவர்கள் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? பாடத்தையா, பயிற்சியையா, சான்றிதழையா? அட அப்பாவிகளே! நகத்தைப் பார்க்க வேண்டும். அதுவும் நகஞானி பார்க்க வேண்டும்.

பயிற்சிப் பள்ளிகள் வரிசையாக இருந்த தெருவின் கோடியில், ஏசி அறையில், பூதக்கண்ணாடியோடு அவர் வீற்றிருந்தார். வாசலில் கூட்டம் அலைமோதியது. யார் விரலை நீட்டினாலும் பலன் ஒன்றுதான்: "உனக்கு மணப்பெண் அலங்காரம்தான் கைகொடுக்கும். எதிர்ப் பள்ளியில சேரு." அந்தப் படிப்புக்குத்தான் கட்டணம் அதிகம் என்பது தற்செயல். பள்ளி முதலாளி ஞானியின் மைத்துனர் என்பதும் தற்செயல்.

அந்தக் கூட்டத்தில் நின்ற சின்னவள் ஒருத்திக்குப் பலன் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது. நோயில் முடி கொட்டியவர்களுக்கு டோப்பா செய்ய வேண்டும், அதற்கு முடி வேலை படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. போன வருடம் படுக்கையில் கிடந்த அம்மாவின் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தபோது, மிச்சத்தை அவள்தான் வெட்டிவிட்டாள். கொஞ்ச நாளில் அம்மா இறந்துபோனாள். இதையெல்லாம் அவளே ஞானியிடம் உளறிக் கொட்டினாள். ஞானி கண்ணை மூடினார்.

"கத்தரி பட்டுச்சு, உயிர் போச்சு. இனி யார் முடியையாவது தொட்டே, அடுத்தது உங்கப்பா."

அன்றிலிருந்து அவள் சீப்பைக்கூடத் தொடவில்லை. மணப்பெண் அலங்காரத்தில் சேரத் தயாரானாள். செய்தி அத்தை காதுக்கு எட்டியது. அப்பாவின் அக்கா, வாய் நீளம், பொறுமை குட்டை.

"ஏண்டி, அத்தனை டாக்டர் பார்த்தாங்களே, ஒருத்தர் கண்ணுலயும் அந்தக் கத்தரி படலையா?"

"அவர் சொன்னா பலிக்குமாம் அத்தை."

"அப்ப எனக்கும் பார்க்கட்டும். நட."

போகிற வழியில் ஒரு நகக்கலைப் பள்ளி. மாணவிகள் பழகக் கை தேவை என்று வாசலில் எழுதியிருந்தது. அத்தை உள்ளே போய் உட்கார்ந்தாள்.

"அசல் மாதிரியே ஒட்டுங்கம்மா. அங்கங்க வெள்ளைப் புள்ளி வைங்க. பசை லேசா இருக்கட்டும்."

பத்து விரலிலும் பிளாஸ்டிக் நகம் ஏறியது.

நகஞானி பூதக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், உருகிப்போனார்.

"ஆஹா! தாய் வயித்துலேயே உன்கூட வளர்ந்த நகம் தாயி! இந்தப் புள்ளியெல்லாம் ஏழு ஜென்மத்துப் புண்ணியம். ஆனா மோதிர விரல்ல ஒரு கண்டம் தெரியுது..."

"கண்டமா? இருங்க சாமி, கழட்டிடறேன்."

அத்தை நெம்பினாள். பட்டென்று வந்தது நகம். அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கடையில பாக்கெட்டா விக்கிறாங்க. மீதி ஒன்பதையும் கழட்டவா?"

"நம்பிக்கை இல்லாதவங்க நகம் இப்படித்தான் ஏமாத்தும்!"

"ஏமாத்துனது நகமா சாமி?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டது. ஞானி தமக்குத் தாமே பலன் பார்த்துக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினார்.

சின்னவள் தெருவில் நின்றுவிட்டாள். "அப்ப அம்மா..."

"உங்கம்மா நோயில போனாடி. நீ வெட்டிவிட்ட அன்னிக்குத்தான் தலை அரிப்பில்லாம தூங்கினா. நான் பக்கத்துலதானே இருந்தேன்."

சின்னவள் அத்தையின் முந்தானையில் முகம் புதைத்து அழுதாள். கண்ணைத் துடைத்ததும் ஒவ்வொரு பள்ளியாக ஏறி இறங்கினாள். "கையில எப்பக் கத்தரி குடுப்பீங்க? டோப்பா செய்யச் சொல்லித் தருவீங்களா? இங்க படிச்சவங்க இப்ப எங்க வேலை பார்க்கறாங்க?"

கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள் அத்தையின் பின்னாலேயே வந்தாள். "ஏங்க, முடியைப் பார்த்துப் பலன் சொல்றவர் யாராச்சும் இருக்காரா?"

வாரந்தோறும் நகத்தை வெட்டி எறிகிறீர்களே, அதோடு தலைவிதியுமா குப்பைக்குப் போகிறது? விரலை நீட்டுவதற்கு முன் ஒரு கேள்வியை நீட்டிப் பாருங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.